ரத்தமா, ரசீதா?

போன மாதம் ஒரு புத்தக வெளியீட்டு விழா. வழக்கம்போல ஆறு மணி என்று போட்டு ஏழு மணிக்கு ஆரம்பித்தார்கள். நாலாவதாகப் பேசியவர் உலக இலக்கியத்தை ஒரு ரவுண்டு வந்தார். ரஷ்யாவுக்கு நாவல், ஜப்பானுக்கு ஹைக்கூ என்று தேசத்துக்கு ஒரு மெடல் கொடுத்துக்கொண்டே வந்தவர், அயர்லாந்து வந்ததும் குரலை உயர்த்தினார். “ஐரிஷ்காரனுக்குக் கதை ரத்தத்துலேயே ஓடுது சார். வாயைத் திறந்தா சிறுகதை. அதனாலதான் இன்னிக்கும் அவங்க ரேடியோவுல சிறுகதை வாசிக்கிறாங்க, ஜனங்க உட்கார்ந்து கேட்கிறாங்க” என்றார். கைதட்டல். பக்கத்து நாற்காலிக்காரர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் மரியாதைக்கு ஆட்டிவைத்தேன்.

ஆட்டியிருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்த பிறகும் அந்த ‘ரத்தம்’ உறுத்திக்கொண்டே இருந்தது.

அவர் சொன்னதில் பாதி நிஜம். அயர்லாந்தின் தேசிய வானொலி ஆர்.டி.இ., காதால் கேட்பதற்கென்றே எழுதப்பட்ட சிறுகதைகளை ஒலிபரப்புகிறது. 1986-லிருந்து அதற்கு ஒரு போட்டியே நடத்துகிறார்கள். ஃபிரான்சிஸ் மக்மானஸ் என்பவரின் நினைவாக. கதை 2000 சொற்களை ஒட்டி இருக்க வேண்டும், ஆங்கிலத்திலோ ஐரிஷ் மொழியிலோ எழுதலாம். தேர்வான கதைகளை நல்ல நடிகர்கள் வாசிப்பார்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு கைபேசியில் இந்தக் கதைகளைக் கேட்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஆகவே பேச்சாளர் மேல் எனக்கு விரோதம் இல்லை. அந்த ‘அதனாலதான்’ என்ற ஒரு வார்த்தைதான் பிரச்னை. ரத்தத்தில் கதை இருந்ததால் ரேடியோவில் கதை வந்ததாம். அயர்லாந்தில் நடந்தது அப்படி இல்லை. ரத்தம் மட்டும் இருந்தபோது அங்கே என்ன நடந்தது தெரியுமா?

ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். ஷான் ஓ கொனெல் என்று பெயர். அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் கெர்ரி மாவட்டம், கடல் ஓரத்தில் மலைச்சரிவில் சின்னக் கிராமம். 1853-ல் பிறந்தவர். விவசாயம், மீன்பிடித்தல். எழுதப் படிக்கத் தெரியாது. ஐரிஷ் மொழி தவிர வேறு பாஷை தெரியாது. ஆனால் மனசுக்குள் நூற்றுக்கணக்கான கதைகள். ராஜா கதை, வீரன் கதை, பேய்க் கதை, சிரிப்புக் கதை. அந்த ஊர் வழக்கில் இப்படிப்பட்டவருக்கு ‘ஷானகி’ என்று பெயர். குளிர்கால ராத்திரியில் கணப்பைச் சுற்றி உட்கார்ந்த ஜனங்களுக்கு விடிய விடியக் கதை சொல்கிறவர்.

நம் பேச்சாளர் சொன்ன ரத்தம் யாருக்காவது ஓடியதென்றால் இவருக்குத்தான் ஓடியிருக்க வேண்டும். 1923-ல் ஜேம்ஸ் டெலார்கி என்ற இளம் ஆய்வாளர் இவரைத் தேடிப் போனார். கிழவருக்கு எழுபது வயசு. அதற்குள் காலம் மாறிவிட்டது. இளைஞர்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களிலும் பல பேருக்கு ஐரிஷ் மொழி விட்டுப்போய்க்கொண்டிருந்தது. கணப்பு எரிகிறது, சுற்றி உட்கார ஆள் இல்லை.

கிழவர் என்ன செய்தார்? கதைகள் மறந்துபோய்விடக் கூடாதே என்று, யாரும் பார்க்காத நேரத்தில் தனக்குத் தானே உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சந்தையிலிருந்து திரும்பும்போது வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்துக் கதை சொல்லிக்கொண்டே நடப்பாராம். மாடு மேய்க்கும்போது கல்சுவரைப் பார்த்து, கையை வீசி, குரலை ஏற்றி இறக்கி, எதிரே ஊரே உட்கார்ந்திருப்பது மாதிரிச் சொல்வதை அவருடைய மகனே பார்த்திருக்கிறார். 1945-ல் ஆற்றிய ஒரு சொற்பொழிவில் டெலார்கி இதைச் சொல்லியிருக்கிறார். படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கல்சுவர் ‘ம்’ கொட்டாது ஐயா. கதை சொல்பவருக்கு ‘ம்’ கொட்ட ஒரு ஆள் வேண்டும். ரத்தத்தில் கதை ஓடினால் போதும் என்றால், இந்த மனிதர் ஏன் சுவரோடு பேசினார்?

1931-ல் அவர் இறந்துபோனார். நல்லவேளை, அதற்குள் டெலார்கி பல தடவை கெர்ரிக்குப் போய் அவர் கதைகளை எழுதிக்கொண்டுவிட்டார். 1948-ல் அது புத்தகமாகவும் வந்தது. அதே டெலார்கியின் தலைமையில்தான் 1935-ல் அரசாங்கம் நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒன்றை அமைத்தது. முழுநேர ஊழியர்கள் எடிஃபோன் என்ற கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். மெழுகு உருளையில் குரல் பதிவாகும். ராத்திரி உட்கார்ந்து அதைக் கேட்டு வார்த்தை வார்த்தையாக எழுதுவார்கள். எழுதி முடித்ததும் என்ன செய்வார்கள்? உருளையின் மேல்மெழுகைச் சீவிவிட்டு அடுத்த ஆளுக்குத் தயார் செய்வார்கள். புது உருளை வாங்கிக்கொண்டே இருக்கப் பணம் இல்லை. அப்படி எத்தனையோ கிழவர்களின் குரல்கள் சீவலாகப் போயின. வார்த்தை இருக்கிறது, குரல் போயே போச்சு.

நான் அந்த ஊழியர்களைக் குறை சொல்லவில்லை. சைக்கிளில் மலையேறி அவர்கள் சேர்த்தது உலகத்தின் பெரிய நாட்டார் கதைச் சேகரிப்புகளில் ஒன்று. பட்ஜெட்டைக் குறை சொல்கிறேன்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்லியாக வேண்டும். கார்க் மாவட்டத்து மலைப்பகுதியில் டிம் பக்லி என்று ஒரு தையல்காரர். ஊரே அவர் வீட்டில் வந்து உட்கார்ந்து பேச்சுக் கேட்கும். எரிக் கிராஸ் என்பவர் அந்தப் பேச்சை ‘தி டெய்லர் அண்ட் அன்ஸ்டி’ என்று 1942-ல் புத்தகமாகப் போட்டார். அன்ஸ்டி என்பது தையல்காரரின் மனைவி. கிராமத்துப் பேச்சு எப்படி இருக்கும்? ஆடு, மாடு, ஆண், பெண் எல்லாம் வரும். அரசாங்கம் புத்தகத்தை ஆபாசம் என்று தடை செய்தது. மூன்று பாதிரியார்கள் வீட்டுக்கே வந்து, கிழவரை முழங்காலில் நிற்க வைத்து, அவர் கையாலேயே அவரது பிரதியைக் கணப்பில் போட்டு எரிக்க வைத்தார்கள். அவர் கதை சொல்கிற அதே கணப்பு. செனட்டில் நாள்கணக்கில் விவாதம் நடந்தும் அப்போது தடை நீங்கவில்லை.

இதுதான் ‘வாயைத் திறந்தா சிறுகதை’ என்கிற தேசம். வாயைத் திறந்தவருக்கு நேர்ந்த மரியாதையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, ரேடியோவுக்கு வருவோம்.

டப்ளினில் முதல் வானொலி நிலையம் 1926 ஜனவரி 1-ம் தேதி ஆரம்பித்தது. டூ ஆர்.என். என்று பெயர். டக்ளஸ் ஹைட் தொடங்கிவைத்தார். ஐரிஷ் மொழிக்காகப் பாடுபட்டவர், 1938-ல் அந்நாட்டின் முதல் ஜனாதிபதியானவர். நிலையம் பின்னால் ரேடியோ ஏரன் ஆயிற்று, அப்புறம் ஆர்.டி.இ. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விவரம் ஒன்று உண்டு. 1960-ல் தனி வாரியம் அமைகிறவரை இது தபால் தந்தித் துறையின் கீழ் இருந்தது. 1928-லிருந்து ரொம்ப காலத்துக்கு இயங்கியதும் டப்ளின் தலைமைத் தபால் நிலையக் கட்டடத்தில்தான். 1916 எழுச்சியில் புரட்சிக்காரர்கள் கைப்பற்றிய அதே கட்டடம். கீழே ஸ்டாம்ப் விற்கிறார்கள், மாடியில் கதை வாசிக்கிறார்கள். இலக்கியத்துக்கு இதைவிடப் பொருத்தமான விலாசம் எனக்குத் தெரியவில்லை.

அந்த மாடியில் 1940-களின் கடைசியில் வந்து உட்கார்ந்தவர்தான் ஃபிரான்சிஸ் மக்மானஸ். கில்கென்னிக்காரர், 1909-ல் பிறந்தவர். பதினெட்டு வருஷம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்துவிட்டு ரேடியோவுக்கு வந்தார். நாவலாசிரியர். பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரிஷ் கவிஞர் ஒருவரை வைத்து மூன்று நாவல் எழுதியவர். ரேடியோவில் உரைகள், சித்திரங்கள் பிரிவு இவர் கையில். 1953-ல் தாமஸ் டேவிஸ் சொற்பொழிவுகள் என்று ஒன்றை ஆரம்பித்தார். பல்கலைக்கழகத்து அறிஞரைக் கூட்டிவந்து, அரை மணி நேரத்தில், சமையற்கட்டில் இருக்கிற அம்மாவுக்கும் புரிகிற மாதிரிச் சரித்திரம் பேச வைப்பது. அறிஞரை அரை மணி நேரத்தில் முடிக்க வைப்பது எவ்வளவு பெரிய சாதனை என்று கூட்டங்களுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்.

இந்த மாதிரி ஆளைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை. ஏனென்றால் அவர் செய்தது ஆபீஸ் வேலை. வந்த பிரதியைப் படிப்பது, ‘இங்கே நீளம்’ என்று பென்சிலால் கோடு போடுவது, ஸ்டூடியோவுக்கு நேரம் பிடிப்பது, இந்த வாரக் கதை முடிந்ததும் அடுத்த வாரத்துக்குத் தேடுவது. எழுத்தாளருக்கு செக் போய்ச் சேர்ந்ததா என்று கணக்குப் பிரிவோடு மல்லுக்கட்டுவதும் இந்த உத்தியோகத்தில் சேர்த்திதான். எந்த ஊர் ரேடியோ நிலையத்திலும் இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் செய்கிற வேலை இது. இதற்கு ரத்தம் தேவையில்லை. பொறுமை வேண்டும், மாதச் சம்பளம் வேண்டும். 1965-ல் அவர் இறந்தார். இருபது வருஷம் கழித்து சிறுகதைப் போட்டிக்கு அவர் பெயரை வைத்தார்கள். மகா எழுத்தாளர்களுக்குப் பஞ்சமில்லாத நாடு அது. ஜாய்ஸ் பெயரை வைத்திருக்கலாம். ஆபீசில் உட்கார்ந்து மற்றவர்கள் கதையைக் காற்றில் ஏற்றிய ஒரு வாத்தியாரின் பெயரை வைத்தார்கள் பாருங்கள், அவர்களுக்கே தெரிந்திருக்கிறது கதை எங்கிருந்து வந்தது என்று.

‘ஆனால் ஃபிராங்க் ஓ’கானர்?’ என்று யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டும். கார்க் நகரத்து ஏழைக் குடும்பத்தில் 1903-ல் பிறந்து, நூலகராக வேலை பார்த்து, உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் ஏறிய சிறுகதைகளை எழுதியவர். ரேடியோவில் அருமையாகப் பேசியவர், தன் கதைகளைத் தானே வாசித்தவர். அச்சுக்கு வந்த பிறகு சிறுகதை, ஒரு மனுஷன் எதிரே உட்கார்ந்து பேசுகிற தொனியை இழந்துவிட்டது, அதை மீட்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஆட்கள் எப்படி இருப்பார்கள் என்று வர்ணிப்பதில் தனக்கு அக்கறை இல்லை, அவர்கள் குரலின் ஏற்ற இறக்கம்தான் காதில் விழுகிறது என்று 1957-ல் ஒரு பேட்டியில் சொன்னார். காதால் எழுதியவர்.

அதே பேட்டியில் இன்னொன்றும் சொன்னார். கதையைத் திரும்பத் திரும்ப எழுதுவாராம். பத்திரிகையில் வந்த பிறகும் எழுதுவாராம், புத்தகத்தில் வந்த பிறகும் எழுதுவாராம். ‘ஃபர்ஸ்ட் கன்ஃபெஷன்’ கதை தெரியுமில்லையா? பாட்டியைக் கொல்லத் திட்டம் போட்ட ஏழு வயசுப் பையன் முதல் பாவமன்னிப்புக்குப் போகிற கதை. கேட்டால், ஓ’கானர் ஏதோ டீக்கடையில் உட்கார்ந்து அந்த நிமிஷம் சொன்ன மாதிரி இருக்கும். அது முதலில் 1935-ல் வேறு தலைப்பில் வெளிவந்தது. 1951-ல் ‘டிராவலர்ஸ் சாம்பிள்ஸ்’ தொகுப்பில் வருவதற்குள் மாற்றி மாற்றி எழுதப்பட்டுவிட்டது. அந்தச் சரளத்துக்குப் பதினாறு வருஷம். ரத்தத்தில் ஓடுகிற சமாசாரத்துக்கு எதற்கய்யா இத்தனை அடித்தல் திருத்தல்?

அந்தத் தொகுப்பையும் அயர்லாந்து அரசாங்கம் தடை செய்தது. அதற்கு முந்தின ‘தி காமன் கார்ட்’ தொகுப்புக்கும் தடை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் அரசாங்க வானொலிக்கு விளம்பரம் எழுதுகிறேன் என்று நினைத்துவிடுவீர்கள். அரசாங்கம் என்பது ஒரு கையால் செக் எழுதி, இன்னொரு கையால் புத்தகத்தைப் பூட்டி வைக்கிற பிராணி. பெனடிக்ட் கீலி என்று ஒரு எழுத்தாளர், அவருடைய மூன்று நாவல்கள் 1949-லிருந்து வரிசையாகத் தடை செய்யப்பட்டன. பின்னாளில் அதே கீலியின் குரல்தான் ‘சண்டே மிசலனி’ என்ற ஞாயிற்றுக்கிழமைக் காலை நிகழ்ச்சியின் அடையாளமே ஆனது. 1968-ல் தொடங்கிய நிகழ்ச்சி. ஜனங்கள் அந்தக் குரலோடு சேர்த்துத்தான் காலை டீ குடித்தார்கள்.

இன்னொரு விஷயம். ‘ஷானகி மரபுதான் ரேடியோ கதை ஆயிற்று’ என்று படித்தவர்களே எழுதுகிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தைக் கொஞ்சம் யோசித்தால் போதும். ஷானகி எதிரே இருக்கிற முகங்களைப் பார்க்கிறார். ஒருத்தர் கொட்டாவி விட்டால் சண்டைக் காட்சியைச் சீக்கிரம் கொண்டுவருவார். குழந்தை பயந்தால் பேயைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துவார். தேவைப்பட்டால் கதையை மூன்று ராத்திரிக்கு இழுப்பார். கதையும் அவருடையது இல்லை, பாட்டன் பூட்டன் சொன்னது.

ரேடியோ எழுத்தாளருக்கு எதிரே மைக். அதாவது கல்சுவர். ஆர்.டி.இ. கேட்கிற 2000 சொல்லை நிதானமாக வாசித்தால் 14 நிமிஷம் வரும், அவ்வளவுதான் அவருக்குக் கொடுத்த ஆயுள். கேட்பவர் எங்கோ கார் ஓட்டிக்கொண்டிருப்பார், துணி மடித்துக்கொண்டிருப்பார், தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருப்பார். ஒரு வரி புரியாவிட்டால் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. ஒரு நிமிஷம் பிடி விட்டால் கை தானாக நாப் பக்கம் போய்விடும். இந்த ஆளைப் பிடித்து உட்கார வைக்கிற வித்தையை எந்தக் கணப்படியிலும் கற்றுக்கொண்டிருக்க முடியாது. புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

உதாரணம் சொன்னால் புரியும். நானே கட்டிய வாக்கியம், யாருடையதும் இல்லை. ‘ஓய்வுபெற்ற தபால்காரரும், மூன்று வருடங்களுக்கு முன் மனைவியை இழந்தவரும், மோராவின் சித்தப்பாவுமான பாட்ரிக், அன்று காலை கதவைத் திறக்கவில்லை.’ அச்சில் பரவாயில்லை. காதுக்கு? தபால்காரரும் மனைவியும் மோராவும் வந்துபோய், பாட்ரிக் வருவதற்குள் கேட்கிறவர் அடுத்த சிக்னலைத் தாண்டிவிடுவார். இதையே இப்படி மாற்றுங்கள்: ‘பாட்ரிக் அன்றைக்குக் கதவைத் திறக்கவில்லை. நாற்பது வருஷம் ஊர்க் கதவையெல்லாம் தட்டிய தபால்காரர் அவர். மனைவி போய் மூன்று வருஷம். மோராதான் முதலில் கவனித்தாள். சித்தப்பா வீட்டு வாசலில் பால் பாட்டில் அப்படியே இருந்தது.’ ஆள் முதலில், விவரம் பின்னால். கண்ணில் நிற்கிற மாதிரி ஒரு பாட்டில்.

பெயர் விஷயம் இன்னும் வேடிக்கை. மோரா, மோரீன், மேரி என்று மூன்று பெண்கள் ஒரே கதையில் இருந்தால் பக்கத்தில் படிக்கிறவர் சமாளித்துவிடுவார். காதில் மூன்று பேரும் ஒருத்தி. அதனால் ஒருத்தியை பிரிஜட் ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருத்தியைக் கதையிலிருந்தே வெளியேற்ற வேண்டும். பல சமயம் வெளியேற்றுவதுதான் கதைக்கு நல்லது. ஆறு பேர் இருந்த கதை மூன்று பேராகச் சுருங்கும். மூன்று பேர் இருந்தால் மௌனத்துக்கு இடம் வரும். அடைப்புக்குறி கூடாது, அதை எப்படி வாசிப்பது? பத்தி இடைவெளியை நம்பிப் பத்து வருஷம் தாவக் கூடாது, இடைவெளி காதுக்குத் தெரியாது. வாசிக்கிற நடிகருக்கு மூச்சு வாங்க இடம் விட வேண்டும். இதெல்லாம் தச்சு வேலை. உளி பிடித்துப் பழகியவருக்கு வரும்.

இந்த இடத்தில் எதிர்க்கட்சிக்கும் ஒரு வாய்ப்பு கொடுக்கிறேன். ‘சரி சார், இப்படி அளவெடுத்துத் தைத்தால் எல்லாக் கதையும் ஒரே சட்டையாக இருக்காதா?’ இருக்கும். இருக்கிறது. நான் கேட்கிற ஐரிஷ் ரேடியோ கதைகளில் பத்துக்கு ஆறு சுமார்தான். மழை பெய்யும். அம்மா இறந்திருப்பாள். லண்டனிலிருந்து மகன் வருவான். அலமாரியைத் திறந்ததும் அவளுடைய கம்பளிச் சட்டை வாசனை வரும். கடைசியில் ஜன்னல் வழியாக எதையோ பார்ப்பான், பியானோ வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் யாரையும் சங்கடப்படுத்தாத சோகம். அரசாங்க ரேடியோவின் நிரந்தர வியாதி இது.

ஆனால் மிச்ச நாலு இருக்கிறதே! வெறும் ஒரு குரல், 14 நிமிஷம், முடிந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுக்க வேண்டியிருக்கும். அந்த நாலு வருவதற்கு இந்த ஆறும் ஒலிபரப்பாக வேண்டும். ஆறு பேருக்கும் செக் போக வேண்டும். நாலை மட்டும் முன்கூட்டியே பொறுக்கியெடுக்க எந்த நாட்டிலும் மெஷின் கிடையாது.

பணம் பணம் என்கிறேனே என்று முகம் சுளிக்காதீர்கள். ஐரிஷ்காரர்கள் அதில் வெட்கப்படவில்லை. 1969-லேயே எழுத்தாளர், ஓவியர் முதலானோரின் படைப்பு வருமானத்துக்கு வரிவிலக்கு கொடுத்தார்கள். 1981-ல் ‘ஈஸ்டானா’ என்று கலைஞர்களுக்கு ஓர் அமைப்பு, அதில் தேவைப்படுகிறவர்களுக்கு ஜீவனத்துக்கு உதவித்தொகை. 2022-ல் 2000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ கொடுத்து மூன்று வருஷத்துக்கு ஒரு சோதனைத் திட்டம் தொடங்கினார்கள். ரத்தத்தில் ஓடுகிறது என்று நம்பியிருந்தால் இத்தனை ரசீது எதற்கு?

‘ரத்தம்’ என்கிற பேச்சு கைதட்டல் வாங்குவதோடு நின்றால் எனக்குக் கவலை இல்லை. அது நிர்வாகிகளுக்கு ரொம்ப வசதியான பேச்சு. ரத்தத்தில் இருப்பதற்குச் சம்பளம் தர வேண்டாம். ரத்தத்தில் இருப்பது எப்படியும் வரும், அதற்கு ஒரு அரை மணி நேரம் எதற்கு, ஒரு எடிட்டர் எதற்கு, ஒரு அலைவரிசை எதற்கு? 2011-ல் பக்கத்து நாட்டு பி.பி.சி. ரேடியோ 4, வாரத்தில் ஒலிபரப்பும் சிறுகதைகளின் எண்ணிக்கையைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. எழுத்தாளர்கள் கையெழுத்து இயக்கம் நடத்திக் கத்த வேண்டியிருந்தது. ஷேக்ஸ்பியர் பிறந்த ஊர், பாவம், அங்கேயும் ரத்தம் உதவவில்லை.

ஐரிஷ் வானொலியிலும் கத்தரி வந்தது. வேலை தேடி இங்கிலாந்துக்குப் போய், கட்டட வேலையிலும் ஆஸ்பத்திரி வேலையிலும் வயசாகிப்போன ஐரிஷ்காரர்கள் லட்சக்கணக்கில். அவர்களுக்கு ஊர்க்குரல் கேட்க ஒரு வழி இருந்தது, நெட்டலை 252. பழைய டிரான்சிஸ்டரில் முள்ளைத் திருப்பினால் கடலைத் தாண்டி டப்ளின் வரும். மரண அறிவிப்பு, மழை, ஞாயிற்றுக்கிழமைத் தோத்திரம், கதை எல்லாம் வரும். 2014-ல் அதை மூடப்போகிறோம் என்றார்கள். முதியவர்கள் எதிர்த்தார்கள், தள்ளிவைத்தார்கள். 2023 ஏப்ரல் 14-ம் தேதி மூடியேவிட்டார்கள். செலவு, மின்சாரம் என்று காரணம். அந்த ஜூலையில் மீத் மாவட்டத்தில் நின்ற 248 மீட்டர் கோபுரத்தையும் சாய்த்தார்கள்.

இன்டர்நெட்டில் கேளுங்கள், ஆப் இருக்கிறது என்று சொன்னார்கள். நான் அப்படித்தான் கேட்கிறேன். எனக்கு ஆப் போட்டுக் கொடுக்க வீட்டில் காலேஜ் படிக்கிற பையன் இருக்கிறான். பர்மிங்காமில் ஒற்றை அறையில் இருக்கிற எண்பது வயசுக்காரருக்கு யார் இருக்கிறார்கள் என்று அந்தப் பேச்சாளரை அடுத்த விழாவில் பார்த்தால் கேட்கலாம் என்றிருக்கிறேன். விழா அடுத்த மாதம் 6-ம் தேதி. ஆறு மணிக்கு என்று போட்டிருக்கிறார்கள்.